அம்மாவின் இரண்டாம் முழுக்கு

தசாக்கா,
அக்டோபர் மாதப் பிறப்பு

என் தங்கம் முஸ்துலாவுக்கு உன் அக்கா ரொகாத்தா ஆண்டவருடைய சமாதானம் சொல்லி எழுதுவது.

இந்தக் கடிதத்தோடு எண்ணெய் வண்டியில் அம்மாவும் வந்து சேருவாள். முதலில் அவளை இறக்கு, பிறகு கடிதத்தைப் படி. வழி முழுக்க வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்திருப்பாள். பாவம், அவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட்டு அனுப்பு. எண்ணெய் ஒரு ஜாடி வைத்திருக்கிறேன். அப்பாவின் பழைய மேலாடையைக் கிழித்துக் குழந்தைக்குச் சுற்றும் துணியாகத் தைத்திருக்கிறேன். மாதம் நிறைந்தவள் நீ, ஏணியில் ஏறாதே, பாரம் தூக்காதே.

அம்மாவை மாவரைக்கும் திரிகைப் பக்கம் விடாதே. நன்றாகத்தான் இருக்கிறேன் என்பாள், விடியற்காலையில் இருமுகிறாள். இருமினால் 'தூசி' என்பாள். தூசி இல்லை.

இங்கே ஊர் இரண்டாகக் கிடக்கிறது. ஒரே ஊருக்கு இரண்டு ஆயர், இரண்டு கோயில், இரண்டு மணி. நம் தெரு ரொட்டிக்காரன் எதிர் ஆயர் ஃபவுஸ்தினுவின் பக்கம் போய்விட்டான். போன வாரம் நான் பிசைந்து கொண்டுபோன மாவை வாங்கவே மாட்டேன் என்றான். "ஒங்க பக்கத்து மாவு என் அடுப்புல வேகாது" என்றான். அம்மா விடுவாளா? "ஏன்டா, மாவுக்குமா ஞானஸ்நானம் கேக்குற?" என்றாள். தெருவே சிரித்தது. அவனுடைய மனைவிகூடச் சிரித்தாள்.

சிரிப்பு போகட்டும். நீ வாழப்போன துறைமுகத்தில் ஒரே ஆயர். அவர் ஃபவுஸ்தினுவோடு உறவு வைத்திருப்பவர். உன் வீட்டுக்காரர் நம்பாமோ போகிற கோயிலுக்கு நீயும் போகிறாய். அதைப் பற்றி உன்னை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அம்மா விஷயம் அப்படியில்லை.

அப்பா சபையில் வேதம் வாசித்தவர். அதிகாரிகள் வந்து வேதப் புத்தகங்களை எரிக்கக் கேட்டபோது தரமாட்டேன் என்று சொல்லி ஆளுநரின் சிறையில் செத்தார். அன்றைக்குப் பயந்து புத்தகங்களை எடுத்துக் கொடுத்த ஒருவரின் கைதான் பிறகு ஃபவுஸ்தினுவின் தலையில் வைக்கப்பட்டு அவரை ஆயராக்கியது. அந்தக் கை வழியாக வருவது எப்படி ஆசியாகும்? எங்கள் ஆயர் இயாதர் அப்பாவோடு அதே சிறையில், அதே வைக்கோலில் கிடந்தவர்.

அம்மா இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. "எனக்கு வாய் நீளம். குளிச்சு எந்திரிச்ச அன்னைக்கே யாரையாவது ஏசிப்புடுவேன். சாகப்போற நேரத்துல பாத்துக்கலாம்" என்று காலமெல்லாம் தள்ளிக்கொண்டு வருகிறாள். வேதசாட்சியாகச் செத்த பாரிக்கின் மனைவி என்பதால் இரண்டு பக்கமும் அவள்மேல் கண் வைத்திருக்கிறார்கள். உன் ஊர் ஆயரை அவள் அருகில் அண்டவிடாதே. அவள் குளிக்கிற நாளில் இயாதர் கையால்தான் குளிக்க வேண்டும். இதை நீ எனக்காகச் செய்ய வேண்டும்.

பிரசவம் நல்லபடி முடியட்டும். என் வயிற்றில்தான் ஒன்றும் தங்கவில்லை. உன் பிள்ளை எனக்கும் பிள்ளை.

உன் அக்கா,
ரொகாத்தா

*

ருசுபார் துறைமுகம்,
டிசம்பர் நடுவில்

அன்புள்ள அக்காவுக்கு முஸ்துலா வணங்கி எழுதுவது.

பெண் பிறந்திருக்கிறாள். உன் மூக்கு. நம்கித்தா என்று அம்மாவின் பெயரையே வைத்தோம். "என் பேரு எதுக்குடி, ராசியில்லாத பேரு" என்று முனகினாள். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் அவளாகவே சொல்லிக்கொள்கிறாள். நம்பாமோ பாய்மரத் துணியில் தொட்டில் தைத்துக் கட்டியிருக்கிறார். படகு மாதிரி ஆடுகிறது.

அக்கா, இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

குழந்தை பிறந்த மறுவாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் என்னையே அடையாளம் தெரியவில்லை. நீ என்று நினைத்துக்கொண்டு நம் எண்ணெய்ச் செக்குக்குப் போகச் சொன்னாள். மருத்துவர் கையை விரித்துவிட்டார். பிறகு கொஞ்சம் தெளிந்து என் கையைப் பிடித்தாள்.

"முஸ்துலா, என்னக் குளிப்பாட்டச் சொல்லுடி. நேரம் வந்துடுச்சு."

"அம்மா, ஊருக்குப் போயி இயாதர் கையால..."

"இயாதரு மலைமேல இருக்காரு. சாவு வாசல்ல நிக்குது. யாரு கிட்ட இருக்காங்களோ அவங்கள வரச்சொல்லு."

உனக்குப் பயந்து ஒரு பகல் முழுவதும் தள்ளினேன்.  அவள் அந்தப் பகலில் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பொழுது சாயும்போது நம்பாமோ போய் ஆயரைக் கூட்டி வந்தார். படுக்கையிலேயே தலையில் ஊற்றினார்கள். வழக்கப்படி பாலும் தேனும் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "தேன் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்று.

பிழைத்தாள். எழுந்து நடமாடிய முதல் நாளே வாசலுக்கு வந்த மீன்காரியை ஏசிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தியா, சொன்னேன்ல, ஒரு நாள் தாங்கல."

கோபப்படு, ஆனால் ரொம்ப நாள் கோபப்படாதே. அவளாகக் கேட்டாள். நான் கூப்பிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

உன் தங்கை,
முஸ்துலா

*

தசாக்கா,
ஜனவரி

முஸ்துலாவுக்கு ரொகாத்தா எழுதுவது.

குழந்தை நலம் என்று கேட்டுச் சந்தோஷம். அம்மா பிழைத்தது அதைவிடச் சந்தோஷம். மற்றதைக் கோபமில்லாமல் எழுதப் பார்த்தேன். முடியவில்லை.

உன் ஆயர் ஊற்றியது வெறும் தண்ணீர். காய்ச்சலில் கிடந்தவளின் தலை நனைந்தது, அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. தன்னிடம் இல்லாததை ஒருவர் எப்படி இன்னொருவருக்குக் கொடுப்பார்? ஆனால் இங்கே ஃபவுஸ்தினுவின் ஆட்கள் சந்தையில் நின்று கூவுகிறார்கள். "பாரிக்கு பொண்டாட்டியே எங்க பக்கம் வந்துட்டா, இனிமே என்னடா பேச்சு?" என்கிறார்கள். அதைக் காதால் கேட்டேன். 

இன்னொன்றும் இருக்கிறது. வேதசாட்சிகளின் கல்லறைத் தோட்டம் எங்கள் சபையின் கையில் இருக்கிறது. எங்களிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம். அப்பாவுக்கு இடப்பக்கம் அம்மாவுக்கென்று இடம் விட்டிருக்கிறோம், உனக்குத் தெரியும். உன் ஊர்த் தண்ணீரோடு அவள் கண்ணை மூடினால் அந்த இடம் சும்மா கிடக்கும், அவள் ரோட்டோரத்தில் யாரோ ஒருவர் பக்கத்தில் கிடப்பாள். ஆகவே வருகிற பாஸ்கா அன்று இயாதர் அவளுக்கு உண்மையான ஞானஸ்நானம் கொடுப்பார். எல்லாம் பேசி முடித்தாயிற்று. மலைப்பாதை திறந்ததும் அவளை அனுப்பிவை.

உலர்ந்த அத்திப்பழம் ஒரு கூடை அனுப்பியிருக்கிறேன். பால் கொடுக்கிறவள் சாப்பிட வேண்டும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ரொகாத்தா

*

ருசுபார்,
மார்ச் மாதப் பிறப்பு

அக்காவுக்கு,

அத்திப்பழம் வந்தது. எல்லாவற்றையும் நானே தின்றேன், அம்மாவுக்கு இரண்டுதான் கொடுத்தேன். உன்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் உன் பழத்தின்மேல் வரவில்லை.

அம்மாவை அனுப்புகிறேன். நீ கேட்டதற்காக இல்லை, அவள் கேட்டதற்காக. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கல்லறைத் தோட்டம் பற்றி வந்த இடத்தில் என்னை நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொன்னாள். அப்புறம் சொன்னாள்:

"ஒங்கப்பா பக்கத்துல படுக்கணும். எனக்கு அவ்வளவுதான்டி. அதுக்கு இன்னொரு தடவ குளிக்கணும்னா குளிச்சுட்டுப் போறேன்."

"அம்மா, ரெண்டாவது தடவ குளிச்சா மொதல்ல குளிச்சதே இல்லன்னு ஆயிடும்."

"ஒன் மனசுக்குக் குளிச்சேன். அவ மனசுக்கும் குளிக்கிறேன். கெழவி எதுக்கு நனையுறான்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

நான் அழுதேன். எனக்கு அது சரி என்று படவில்லை. ஆண்டவர் பெயரைச் சொல்லி ஊற்றிய தண்ணீர் ஆண்டவருடையது. ஊற்றியவர் கை எப்படிப்பட்டதாக இருந்தால் என்ன? அப்பாவை நினைத்து நீ பேசுகிறாய். எனக்கும் அவர் அப்பாதான். அவர் காப்பாற்றிய புத்தகத்தில் ஒரே ஞானஸ்நானம் என்றுதானே இருக்கிறது?

சரி, இதை விட்டுவிடுகிறேன். இதில் நீ ஜெயித்ததாக வைத்துக்கொள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பாஸ்காவுக்கு வேண்டாம், ஐம்பது நாள் தள்ளி வரும் பெந்தெகொஸ்தே வரை பொறு. அம்மாவின் நெஞ்சு இன்னும் ஆறவில்லை. படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. உங்கள் கோயில் தொட்டியில் விழுவது மலை ஊற்று. வெயில் காலத்திலேயே பல் கிட்டும். பாஸ்காவுக்கு மலையில் பனி இருக்கும். வெயில் ஏறட்டும். அல்லது படுக்க வைத்துத் தலையில் மட்டும் ஊற்றச் சொல். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. அக்கா, பொறு.

குழந்தை சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

உன்னை நம்பி,
முஸ்துலா

*

தசாக்கா,
ஏப்ரல் கடைசி

முஸ்துலா,

அம்மா போய்விட்டாள். இதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ்கா விடியலில் குளித்தாள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. பாரிக்கின் மனைவியைப் பார்க்க மரத்தின்மேல்கூட ஏறி நின்றார்கள். நான்தான் கையைப் பிடித்துத் தொட்டிப் படிகளில் இறக்கினேன். ஒரு சொல் மறுக்கவில்லை. இயாதர் மூன்று முறை முக்கினார். மேலே வந்ததும் வெள்ளை உடையைப் போர்த்தினேன். பல் கிடுகிடுவென்று அடிக்க என் காதோரம் சொன்னாள்: "மொத தண்ணி அவளுக்கு, ரெண்டாவது தண்ணி ஒனக்கு. எனக்குன்னு ஒண்ணு எப்பதான்டி?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சனம் பாடியது. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், முஸ்துலா. உன்னிடம் அதை மறைக்க மாட்டேன். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டதாக நினைத்தேன்.

இரண்டு நாளில் இருமல் வந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. புதிதாகக் குளித்தவர்கள் எட்டு நாள் வெள்ளை உடையைக் களையக் கூடாது அல்லவா? அம்மா களையவே இல்லை. அதோடு அடக்கம் செய்தோம். அப்பாவுக்கு இடப்பக்கம்தான். மேலே கல் மேசை போட்டாயிற்று, படையலில் திராட்சை ரசம் ஊற்ற நடுவில் துளையும் வைத்தாயிற்று.

உன் கடிதம் பாஸ்காவுக்கு முன்பே வந்துவிட்டது. படித்தேன். இயாதரிடமும் சொன்னேன். "சனம் எல்லாம் பொறப்பட்டாச்சும்மா, இப்ப எப்படி நிறுத்துறது?" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். நான் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

முப்பதாம் நாள் கல்லறை மேசையில் படையல் வைக்கிறோம். நீ வர வேண்டும். தோட்டத்துக்குள் எங்கள் சபையாரை மட்டும்தான் விடுவார்கள், அது என் கையில் இல்லை. நீ வாசலில் நில். நான் வெளியே வந்து உன்னைக் கட்டிக்கொள்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து அழலாம். நான் இன்னும் சரியாக அழவில்லை.

அக்கா

*

ருசுபார்,
ஜூன்

ரொகாத்தாவுக்கு,

வந்தேன். வாசலில் நின்றேன். உச்சி வெயிலில், கைக்குழந்தையோடு நின்றேன்.

கம்பிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. அம்மாவின் கல்லைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நீ இயாதருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாய், வேதசாட்சியின் மகள் உட்காரும் இடத்தில். நான் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாய்.

பிறகு யாரோ ஒருவர் கிண்ணத்தில் கூழ் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினார். "அக்கா பெரியவங்ககூட உக்காந்திருக்காங்க. இத சாப்பிட்டுட்டுப் போவீங்களாம்" என்றார். "எங்கம்மாவுக்குப் படைச்சத எனக்குப் பிச்சையா போடுறீங்களா?" என்று கேட்டேன். அவருக்கு என்ன தெரியும், பாவம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைத் தொடவில்லை. அம்மாவுக்கு ஒரு வாய் ரசம் ஊற்றாமல், அந்தக் கல்லை ஒரு முறை தொடாமல் மலை இறங்கினேன்.

பொறு என்று நான் எழுதியும் நீ பொறுக்காததற்கு உன்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாயில் வருகிறது. எழுதிவிட்டால் பிறகு நாம் இரண்டு பேருமே அதை மறக்க முடியாது. ஆகவே எழுதவில்லை. அது என்ன வார்த்தை என்று உனக்குத் தெரியும்.

இனிமேல் எனக்குக் கடிதம் வேண்டாம். பழமும் வேண்டாம்.

முஸ்துலா

*

தசாக்கா,
அம்மா போன மூன்றாம் வருஷம், செப்டம்பர்

முஸ்துலாவுக்கு,

படிக்காமல் கிழித்துவிடாதே. உனக்காக இல்லாவிட்டாலும் அம்மாவுக்காகப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று எழுந்து வாசலுக்கு வராதது என் தப்பு. எழுந்தால் இயாதரின் முகம் சுருங்கும், சனம் ஒரு மாதிரி பார்க்கும் என்று உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே தூக்கிய குழந்தைதான் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

கோடையில் பேரரசரின் ஆணையோடு சிப்பாய்கள் வந்தார்கள். கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் பிடுங்கி ஃபவுஸ்தினுவிடம் கொடுத்துவிட்டார்கள். இயாதரை நாடு கடத்திவிட்டார்கள். எங்கே என்று தெரியவில்லை. நாங்கள் ஒரு தானியக் கொட்டகையில் கூடி ஜெபிக்கிறோம். தோட்டத்து வாசலில் இப்போது நம் ரொட்டிக்காரன்தான் காவல். நான் போனால் குச்சியை நீட்டி மறிக்கிறான். "நீ அன்னைக்கு ஒன் தங்கச்சிய விட்டியா?" என்கிறான்.  அவன் கேட்டது நியாயம்தான்.

என்னை விடாதது போகட்டும், பட வேண்டியதைப் படுகிறேன். இப்போது அம்மாவையே எடுக்கப் பார்க்கிறார்கள். ஃபவுஸ்தினுவின் சபையார் அவளுக்கு 'ரெண்டு தடவ குளிச்சவ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் பெற்ற ஞானஸ்நானத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எங்களிடம் வந்து குளித்தாளாம். அப்படிப்பட்டவள் பாரிக்கின் பக்கத்தில் கிடக்கக் கூடாதாம். வேதசாட்சிகளின் திருநாளுக்கு முன்னால் கல்லைப் பெயர்த்து எலும்பை எடுத்து ரோட்டோரம் புதைக்கப்போகிறார்கள். ஆள் பேசியாயிற்று.

அவள் கேட்டது அந்த ஒரு இடம்தான், முஸ்துலா. அதற்காகத்தான் அந்தக் குளிரில் இறங்கினாள். நீ அவர்கள் பக்கம். உன் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கும். ஃபவுஸ்தினுவைப் போய்ப் பார். என்ன செய்வாயோ, எப்படிச் செய்வாயோ, அம்மாவை அங்கேயே இருக்க விடச் சொல். எனக்காக ஒன்றும் கேட்க வேண்டாம்.

உன் காலைப் பிடித்து எழுதுகிறேன்.

ரொகாத்தா

*

ருசுபார்,
அக்டோபர்

என் அக்காவுக்கு,

அம்மாவை எடுக்க மாட்டார்கள். முதலில் அதைத் தெரிந்துகொண்டு மூச்சு விடு. அதற்கப்புறம் நான் செய்ததைப் படி.

உன் கடிதம் வந்த மறுநாளே நம்பாமோவிடம் குழந்தையை விட்டுவிட்டு மலை ஏறினேன். ஃபவுஸ்தினுவைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை, அக்கா. உட்காரச் சொல்லி, குடிக்க மோர் கொடுத்துத்தான் பேசினார்.

"ஒங்கம்மா மனசோட போயி ரெண்டாவது தடவ குளிச்சிருந்தா, நாங்க குடுத்தத அவங்களே வேண்டாம்னு தள்ளிட்டாங்கன்னு அர்த்தம். பலவந்தமா குளிப்பாட்டியிருந்தா அவங்க மேல குத்தமே இல்ல. எதும்மா நடந்துச்சு?"

"நான் அங்க இல்லைங்களே."

"நீங்க அவங்க வயித்துல பொறந்தவங்க. பீடத்துமேல கைய வச்சு, சபைக்கு முன்னாடி சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா கல்லை யாரும் தொட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நீ சின்னதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போன அதே கோயிலில், பீடத்தின்மேல் கையை வைத்தேன். அம்மா மனதோடு இறங்கவில்லை, இழுத்துப் போனார்கள் என்றேன். "யாரு இழுத்தா?" என்று கேட்டார். அதைக் கேட்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. கோயில் முழுவதும் சனம். என் அக்கா ரொகாத்தா என்று சொன்னேன்.

சொல்ல ஆரம்பித்த பிறகு, நம்பாமல் போய்விடுவார்களோ என்று பயம் வந்தது. கையைப் பிடித்து இழுத்தாய் என்றேன். அம்மா அழுதாள் என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று கத்தினாள் என்றேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

அம்மா என்ன நினைத்து இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். என்னிடம்தானே சொன்னாள். தெரிந்தே, ஆண்டவர் பீடத்தில் கை வைத்து, உன் தலையில் அதைப் போட்டேன். நம்பாமோவிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அன்று தோட்டத்துக்குள் போனேன். அம்மாவின் கல்லைக் கழுவினேன். துளையில் ரசம் ஊற்றினேன்.  திரும்பும்போது உன் வீட்டு வழியாகத்தான் வந்தேன். செக்குச் சுற்றும் சத்தம் கேட்டது. கதவுவரை வந்துவிட்டுத் தட்டாமல் போய்விட்டேன்.

என்மேல் கோபமா, அக்கா? எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு. ஏசியாவது ஒரு வரி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

உன் முஸ்துலா

*

தசாக்கா,
நவம்பர், ஆலிவ் பறிப்பு நடக்கிறது

முஸ்துலா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் படித்ததும் போட்டுவிடு. நம்பாமோ கண்ணில்கூடப் படக்கூடாது.

ஊரார் வாய் உன் கடிதத்தை முந்திக்கொண்டது. நீ பீடத்தை விட்டு இறங்குவதற்குள் என் தெருவுக்கு வந்துவிட்டது. செக்கில் வேலை செய்த பெண்கள் நின்றுவிட்டார்கள். தண்ணீருக்குப் போனால் குடத்தை ஓரமாக நகர்த்திக்கொள்கிறார்கள். அவர்கள் எதிர்ப்பக்கம், போகட்டும். தானியக் கொட்டகையில் என் பக்கத்துச் சனமே என்னைச் சுற்றி நின்று கேட்டது. "நெசமாவா ரொகாத்தா? பெத்தவள இழுத்துட்டுப் போயா முக்குன? அப்படிக் குடுத்ததெல்லாம் ஒரு ஞானஸ்நானமா?" என்று கேட்டார்கள். பாஸ்கா அன்று நேரில் நின்று பார்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நான் அவர்கள் முகத்தைத்தான் பார்த்தேன். இல்லை என்று நான் ஒரு சொல் சொன்னால், பத்துப் பேர் எனக்குச் சாட்சிக்கு வருவார்கள். அப்புறம் உன் சத்தியம் பொய்யாகும், மறுநாளே கல்லைப் பெயர்ப்பார்கள்.

"ஆமா, இழுத்துட்டுத்தான் போனேன். வெளிய வர்றதுக்கு முன்னாடி வீட்டுலயே அழ வச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன். ஒங்களுக்கு எங்க தெரியும்?" என்றேன்.  அன்றோடு கொட்டகைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். இப்போது எனக்கு இயாதரும் இல்லை, ஃபவுஸ்தினுவும் இல்லை. வீட்டிலேயே ஜெபிக்கிறேன். பாதியில் விட்டுவிடுகிறேன்.

கோபமா என்று கேட்டிருக்கிறாய். கேள்விப்பட்ட அன்று கொதித்தேன். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை, அவள் அழவில்லை, கத்தவில்லை. ஆனாலும் அப்பா பக்கத்தில் இடம் வேண்டுமானால் குளி என்று சொன்னது நான்தான். கிழவியை அதைவிட எப்படி இழுப்பது? நீ சொன்னது முழுப் பொய் என்று நினைத்து மனதை அரித்துக்கொள்ளாதே. பொய்யில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி கவனமாகக் கேள். உன் சொல்லை ஊர் நம்ப வேண்டும், நாம் சாகும்வரை நம்ப வேண்டும். அம்மாவை இழுத்துப்போய் நனைத்தவளோடு எந்தத் தங்கை உறவு வைத்துக்கொள்வாள்? உன் கடிதம் என் வீட்டுக்கு வருவதை ஒரு வண்டிக்காரன் பார்த்தால் போதும், ஏன் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் திரும்ப அம்மாவின் கல்லில்தான் போய் நிற்கும். ஆகவே நமக்குள் பேச்சு இல்லை. உனக்கு அக்கா இல்லை. யார் கேட்டாலும் அப்படியே சொல்.

வருஷா வருஷம் நீ வந்து படையல் வை. மழை நாளில் கல்லின் துளை மண் மூடிவிடும். ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிட்டு ஊற்று. அப்பாவுக்கு முதலில் ஊற்றாதே, அவளுக்கு ஊற்று. உயிரோடு இருந்தவரை எப்போதும் அவருக்குப் பிறகுதான் சாப்பிட்டாள்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் வருகிற நாளில் நான் சந்தையில் நிற்பேன். கிட்டே வரமாட்டேன், பயப்படாதே. அவள் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன். அவள் என்னைக் காட்டி, யாரம்மா அது என்று கேட்டால், யாரோ ஒருத்தி என்று சொல்லி நடந்துகொண்டே இரு.

இதற்குப் பதில் எழுதாதே.

ரொகாத்தா